பீட்டர் எழுதாத கடிதம்

“…அவர் போன அன்னிக்கு அந்தப் பீட்டர் மாலையோட கேட்டுல வந்து நின்னான். உள்ள வராதேன்னு சொல்லிட்டேன், செல்வம். பேர் போடாம அந்தக் கடுதாசிய எழுதுனது அவன்தான். நீங்க ஒரு தரம் வந்து அவர் சாமான்ல கிளப்புக்கு எது, வீட்டுக்கு எதுன்னு பிரிச்சுக் குடுங்க” என்று பங்கஜம் அம்மா முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். காட்பாடிக்கு ரயில் வந்தது. காலை மணி 6.40.

அவருடைய கணவர் ராகவன் சார் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சாவுக்கு நான் போகவில்லை. எஞ்சின் இல்லாத கிளைடரில் ஏறி, ஐந்து மணி நேரம் காற்றிலேயே நின்றுவிட்டு வந்தவர் அவர். பெங்களூருக்கு வெளியே ஒரு கிளைடர் கிளப்பின் சின்ன ஓடுதளத்தில், கம்பிக் கயிற்றால் கிளைடரை மேலே இழுத்துவிடும் வின்ச்சை ஓட்டிய டீசல் மெக்கானிக் நான். என் முப்பத்தெட்டாம் வயதில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். “காத்தைக் கெஞ்சாதய்யா, விசாரி” என்பார்.

கடிதத்தை எழுதியவன் நான்தான்.

8.05. ஜோலார்பேட்டை. எதிர்சீட்டு அம்மாள் இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். “துக்கத்துக்குப் போறீங்களா? துக்கத்துக்குப் போறவங்கதான் ஜன்னலுக்கு வெளியே பார்க்காம ஜன்னல் கம்பியைப் பார்ப்பாங்க” என்றார். வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளைடரில் இறங்குவதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான். உயரம் தப்பினால் இன்னொரு சுற்று வர எஞ்சின் கிடையாது. ஒரே மாதத்தில் மூன்று முறை சார் வேலிக்கு மேல் மிகத் தாழ்வாக வந்தார். மூன்றாம் முறை சக்கரம் முள்கம்பியை உரசியது. கயிற்றைக் கொண்டுவந்து சேர்க்க வேலியருகே வந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. முன்சீட்டில் இருந்தவர் லிங்கராஜபுரத்துப் பீட்டர், அவரிடம் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தவர். சார் இறங்கி வந்து, “வேலியை உசத்திட்டாங்களாய்யா?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணைச் சோதிக்கச் சொல்லி, பேர் போடாமல் அன்றைக்கே கிளப் கமிட்டிக்கு எழுதினேன். கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதோடு அவர் பறப்பது நின்றது.

அதற்கப்புறமும் சனிக்கிழமைகளில் ஓடுதளத்துக்கு வருவார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கிளைடர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கூடவே உட்கார்ந்து பார்த்தவனைத் தவிர வேறு யார் எழுதியிருக்க முடியும் என்று பீட்டரைத் திட்டுவார். நான் அருகில் நின்று டீ ஆற்றிக்கொடுப்பேன்.

10.50. பெங்களூர் கன்டோன்மென்ட். சார் வீடு இருக்கும் மல்லேஸ்வரத்துக்கு, மர்பி டவுன் பக்கத்துத் தமிழ் ஆட்டோக்காரர் ஒருவர் இருநூற்றைம்பது கேட்டார்.

“மீட்டர் போடுங்கண்ணா.”

“மீட்டர் போட்டா சந்தோஷம் உங்களுக்கு, டிராஃபிக் எனக்கு. என்ன, விசேஷமா?”

“துக்கம்.”

“அப்போ இருநூறு குடுங்க. துக்கத்துக்கு பேரம் பேசுனா எங்க வீட்டம்மா சோறு போடாது.”

11.40. பங்கஜம் அம்மா கூடத்து மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். பறந்த கணக்கு எழுதிய ஒன்பது நோட்டுகள், வெள்ளைத் தொப்பி, ஒரு பழைய உயரமானி. காபி கொண்டுவந்து வைத்தார். டம்ளரைத் தொடவில்லை நான்.

“அம்மா, அந்தக் கடுதாசி பீட்டர் எழுதல. நான் எழுதினேன்.”

அவர் தொப்பியை மேசையில் நேராக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கண்ணு தெரியலன்னு எனக்கும் தெரியும். காபிய மேசைக்கு வெளில வெப்பார். அதை எழுதுனது தப்புன்னு நான் சொல்லல. போன மாசம்கூட அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு பீட்டரைத் திட்டுனாரே, நீங்க இதே நாற்காலிலதானே உக்காந்திருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“வாயத் திறக்கல.”

“திறக்கலம்மா. என் மூஞ்சியப் பார்க்க மாட்டேன்னுடுவாரோன்னு பயம்.”

“அந்தப் பையன் ரெண்டு கையில மாலையோட நின்னான், செல்வம். தெருவே பார்த்துது.”

எங்கள் காட்பாடியில் இப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் சத்தம் தெருமுனைக்குப் போயிருக்கும், நாலு பேர் சமாதானத்துக்கு வந்திருப்பார்கள். மல்லேஸ்வரத்து அந்தக் கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடியது. யாராவது கத்தினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“அவன் வீடு லிங்கராஜபுரத்துல எங்க?”

சர்ச்சுக்குப் பின்னால், இரண்டாவது சந்து, பச்சைக் கேட் என்றேன்.

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். படியிறங்கிப் போய்த் தெருவில் தானே ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, “லிங்கராஜபுரக்கே பர்தீரா?” என்று, வருவீர்களா எனக் கன்னடத்தில் கேட்டார். பின்னாலேயே ஓடிய நான் ஏறி உட்காரப்போன பக்கத்து இடத்தில், தம் கைப்பையை வைத்தார்.