இடைவெளிக்குக் கைதட்டியவர்கள்

என் கணவருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். லேத்திலிருந்து வரும் துண்டை அளந்து, சரியில்லை என்றால் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு ஒதுக்குவார். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. சாம்பாரில் புளி தூக்கல் என்றால் தூக்கல்தான், சொல்லாமல் விழுங்குகிற ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். பிறகு அதிலேயே ஒரு நிம்மதி வந்துவிட்டது. அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது நிஜமாகவே நன்றாக இருக்கும்.

பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி வகுப்பறையில் ஞாயிறு காலை கூடும் பேச்சு மன்றத்துக்கு முதலில் போனது நான்தான். அங்கே ஒருவர் பேசினால் இன்னொருவர் எழுந்து அந்தப் பேச்சை மதிப்பிட வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நல்லது, நடுவில் குறை, முடிவில் மறுபடி ஒரு நல்லது. நடைமுறையில் அந்த நடுப்பகுதி காணாமல் போய்விடும். வருகிறவர்களில் பாதிப்பேர் ஐ.டி. பிள்ளைகள். வாரம் முழுக்க மேனேஜரிடம் குட்டு வாங்கிவிட்டு வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது யாரையும் நோகடிக்க மனசு வராது. உளறிக் கொட்டினவருக்கும் கைதட்டல், இறங்கும்போது செல்ஃபி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாரம் என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் வந்தபிறகு நடுப்பகுதி திரும்பி வந்தது. ரெண்டு நல்லதைச் சொல்லிவிட்டு, குறையை நேராக எடுத்து வைப்பார். அதிலே வன்மம் இருக்காது, குழைவும் இருக்காது. கொஞ்ச நாளில் பிள்ளைகளே அவர்தான் தங்களை மதிப்பிட வேண்டும் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

அவர் பேச்சிலும் ஒரு குறை இருந்தது, வேகம். மூச்சுவிடாமல் கொட்டுவார். மன்றத்தில் அவருக்கு யாராவது தைரியமாகச் சொன்ன குறை அது ஒன்றுதான். இடைவெளி விடுங்க சார், கேக்கறவங்களுக்கு மூச்சு முட்டுது என்பார்கள். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த முறை அதே வேகத்தில் பேசுவார்.

போன வருஷம் அவர் பேச்சில் இடைவெளி வந்தது. ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த வார்த்தையைச் சொன்னார். வகுப்பறை அப்படியே அடங்கிப்போனது. சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்டாரே என்று அன்றைக்கு அவரை மதிப்பிட்டவருக்கு ஒரே பூரிப்பு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பும்போது, மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"நான் விடல. தானா நின்னுடுது."

அதற்கு அப்புறம்தான் எனக்கு வீட்டில் நடப்பதெல்லாம் உறைத்தது. சாவியைக் கேட்கும்போது சாவி என்று சொல்லாமல் வண்டியைக் காட்டுவார். எதிர் ஃப்ளாட்காரரின் பெயர் வராமல் "அந்த நாய் வெச்சிருக்காரே" என்பார். டாக்டரிடம் போகலாம் என்று நான் ஆரம்பித்தால் கோபம் வரும். அத்தனை பேர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, உனக்கு மட்டும் என்ன என்பார். புகழ்ச்சியை ஒரு நாளும் நம்பாத மனுஷர், பயத்தில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மன்றத்தின் மேல் ஆத்திரம் வந்தது.

மன்றமோ விடுவதாக இல்லை. அவருடைய இடைவெளிகள் நீள நீளப் பாராட்டும் நீண்டது. பிள்ளைகள் அவரைப் பார்த்து வாக்கியத்தின் நடுவே நிற்கப் பழகினார்கள். வெள்ளானூர்க்காரர் ஒருவர் வருவார். பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம், இப்போது ஹார்டுவேர் கடை. வார்டு தேர்தலில் நிற்கும் ஆசையில் பேசப் பழக வந்தவர். அவர் என்னிடமே வந்து சொன்னார்.

"அண்ணாத்தே இன்னாமா கேப் உட்டுப் பேசறாரு. நானும் ஊட்ல கண்ணாடி முன்னால நின்னுகினு பாக்கறேன், வர மாட்டேங்குதுமா."

வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சிரித்துவைத்தேன்.

கணவன் மனைவி ஒருவரை ஒருவர் மதிப்பிடக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். ஒன்று வழிசல், இல்லாவிட்டால் சண்டை என்பதால். நான் மன்றத் தலைவியிடம் போய், அடுத்த முறை அவரை நான் மதிப்பிடுகிறேன் என்று கேட்டேன். என் மகள் வயதுப் பெண். கேட்டதும் சிரித்தாள். ஒரு தடவை ஜாலியா இருக்கட்டும் ஆன்ட்டி என்று குரூப்பிலும் போட்டுவிட்டாள். அந்த ஞாயிறு வழக்கத்தைவிடக் கூட்டம், வேடிக்கை பார்க்க.

அவர் தன் முதல் வேலைநாளைப் பற்றிப் பேசினார். முதலாளி இவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்து அளக்கச் சொன்ன இடம் வந்தது. அங்கே நின்றார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அளவெடுப்பதுபோல் காற்றில் விரித்தார், மெல்லக் குறுக்கினார், மறுபடி விரித்தார். முகத்தில் வேர்வை. வெர்னியர் என்ற அந்தக் கருவியின் பெயர் அவருக்கு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சட்டைப்பையில் கிடக்கும் சாமான் அது. கூட்டம் அதை அபிநயம் என்று நினைத்துக் கைதட்டியது.

நான் எழுந்தேன். சிலர் அப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். குரல் கணீரென்று இருந்தது, கதை மனசில் நிற்கிறது என்று ரெண்டு நல்லதைச் சொன்னேன். பிறகு அவரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தேன்.

"விரலைக் காட்டினாரே, அது நடிப்பு இல்ல. அந்தக் கருவியோட பேரு அவருக்கு வரல. நாம இத்தனை நாளா கைதட்டின இடைவெளி எல்லாமே அப்படித்தான். அவர் டாக்டரைப் பாக்கணும். நீங்க தட்டற வரைக்கும் அவர் போகமாட்டார்."

அதோடு உட்கார்ந்துவிட்டேன். பேசுகிறவருக்கு அட்டை தூக்கி நேரம் காட்டும் பெண் பச்சை அட்டையைப் பாதி தூக்கியபடி இருந்தாள். அந்த அறையில் ஒரு பேச்சு முடிந்து கைதட்டல் விழாதது அன்றைக்குத்தான். படிக்கட்டில் வெள்ளானூர்க்காரர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். நூம்பலில் எங்கள் வீடு வரும்வரை வண்டியில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் அவரைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டேனோ என்று இருந்தது.

மறுநாள் காலை, நான் ஒன்றும் கேட்காமலே, குளித்து ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்து "போலாமா" என்றார்.

போரூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேன், பரிசோதனை என்று அந்த வாரம் முழுக்க அலைச்சல். மூளையில் வார்த்தைகளுக்கான இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்கலாம், போனது திரும்பாது. சொல்ல வேண்டியது இருந்தால் இப்போதே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்துகொண்டார்.

வெளியே டீக்கடையில் நின்றோம். கிளாஸை வாங்கிக்கொண்டு அவர் ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு, மன்றத்தில் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில், நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தார். அன்னிக்கு நீ கூட்டத்தைப் பாத்துப் பேசினது நல்லா இருந்தது, குரல் நடுங்கல, அதுவும் நல்லது என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா கடைசியில ஒரு நல்லது சொல்லணும். அத விட்டுட்ட."

ஆமாம் என்றேன். அழுகை வந்துவிட்டது. அவருடைய வரிசைப்படி அவரும் எனக்கு இன்னொரு நல்லது சொல்ல வேண்டும். அதற்காக வாயெடுத்தார். நின்றார். என் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. நான் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. நானாக ஒரு வார்த்தையைக் கொடுத்தால் சரி என்று தலையாட்டிவிடுவார், பிறகு அது அவர் சொன்னதாக இருக்காது. கடைசியில் கிளாஸை வைத்துவிட்டு ரோட்டில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

இப்போது அவருக்கு அம்மா, தண்ணி, வலி என்று சில வார்த்தைகள்தான் மிச்சம். அன்றைக்கு என்னைப் பற்றி அவர் சொல்ல வந்த நல்லது என்னவென்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.