தண்ணீருக்கு என்று வாங்கிய கையெழுத்து

காலை 9.40. கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் வண்டி கிளம்பியது. திண்டிவனத்துக்குச் சீட்டு எண்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர், "ஊர்ல விசேஷமா சார்?" என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அஞ்சலையம்மாளை நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

ஆறு வருடங்களுக்கு முன், பூமிக்கடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று ஆழத்துளை போட்டுப் பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். நிலத்துக்காரர்களிடம் பேசிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஓமந்தூருக்கு அப்பால் ஓர் ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அஞ்சலையம்மாள் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே, தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தார். "தண்ணி பாக்கவா சார் வந்துகிறீங்க?" என்று அவராகவே கேட்டார். "ஆமாம்மா" என்று காகிதத்தை நீட்டினேன். ஒரு மாதம் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

போன மாதம் பழைய சக ஊழியர் ஒருவர் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பழைய டைரியில் அந்த ஊர்ப் பெயரைத் தேடினேன்.

மதியம் 1.15. ஓமந்தூரிலிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். ஓட்டுநர், நான் போகும் ஊர்க்காரர்தான். அஞ்சலையம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

"எந்த அஞ்சலை சார்? கையெழுத்து அஞ்சலை வூட்டுக்கா?"

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"ஊரே வேணாம்னு நின்னுச்சு சார். அந்தம்மா கம்பெனிகாரங்கிட்ட துட்டு வாங்கிக்கினு கையெழுத்து போட்டுச்சு. நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடறதில்ல. நீங்க யாரு?"

"பேப்பர்ல எழுதறவன்" என்றேன். அதே ஊருக்கு இரண்டாவது பொய்.

அஞ்சலையம்மாள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "தண்ணி சாருதான?"

"மன்னிச்சிடுங்கம்மா. எண்ணெய்க்குன்னு தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடித்தார். பிறகு சொன்னார்: "எனக்குத்தான் தெரியுமே சார். எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? தெரியாதவங்க நாலு மணிக்கு சொசைட்டிக்கு பால் ஊத்த வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க."

மூன்று மணி வண்டியைப் பிடிக்க நினைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே நல்லதாகப் பட்டது.

4.10. பால் சொசைட்டி வாசலில் பதினைந்து பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். அஞ்சலையம்மாள் கடைசி. நான் யார், அவரிடம் என்ன பொய் சொன்னேன் என்பதை உரக்கச் சொன்னேன்.

ஆட்டோக்காரரும் அங்கே இருந்தார். "பேப்பர்காரன்னு சொன்னீங்க?"

"அதுவும் பொய்தாங்க."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "அப்போ அவ துட்டு வாங்கலியா?" என்றார்.

"ஒரு பைசா வாங்கலைங்க. தண்ணி வரும்னு நம்பித்தான் போட்டாங்க."

என்னை அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். யாரும் என் பக்கமே பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் கேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்ற பெண், "எக்கா, நீ முன்னால வாக்கா" என்றாள்.

அஞ்சலையம்மாள் நகரவில்லை. "என் முறை வரட்டும், ஊத்திக்கிறேன்" என்றார்.

ஆட்டோவை நான் கூப்பிடவில்லை, ஆட்டோக்காரரும் ஏறச் சொல்லவில்லை. தார்ச்சாலைக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தேன்.

சென்னையில் எங்கள் குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல் மரியாதைக்கு எழுந்து நின்றார். "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.