எர்த் பின்னை ஒடித்த வீட்டுக்காரர்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மட்டாஞ்சேரி அம்மன் கோயில் மேடைக்கு முன்னால் நின்று நான் ஒரு கூச்சல் போட்டேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் காதில் விழுந்திருக்கும்.

"தொடாதீங்க! கிட்டாரைத் தொடாதீங்க!"

தபேலா நின்றது. பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். மேடையில் நின்ற என் வீட்டுக்காரர் கணேசன் என்னைப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை... கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் வாங்கியதில்லை.

"செல்வி, தள்ளிப் போடி. எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே."

ஏன் கத்தினேன் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணேசன் பஜார் ரோட்டில் ஒரு அரிசி கோடவுனில் சூப்பர்வைசர். காலேஜில் படிக்கும்போது கிட்டார் வாசித்தவர். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஹவுசிங் லோன் — கிட்டார் அலமாரி மேலே ஏறிப் படுத்துவிட்டது. எங்கள் கோயில் திருவிழாவில் வருடா வருடம் பக்திப் பாட்டுக் கச்சேரி உண்டு. இங்கே மலையாளத்தில் கானமேளா என்பார்கள். அதில் வழக்கமாக கிட்டார் வாசிக்கும் சுரேஷ் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். "கணேசண்ணா, நீங்க வர்றீங்களா?" என்று குழுவிலிருந்து வந்து கேட்டார்கள். அன்று ராத்திரி மரவள்ளிக் கப்பையில் நான் உப்புப் போட மறந்திருந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே மொத்தத்தையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

கிட்டார் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர்? புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. ஆன்லைனில் விளம்பரம் பார்த்து, இடப்பள்ளியில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போய் பழையது ஒன்றை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதுகூட இவ்வளவு ஜாக்கிரதை கிடையாது.

ஆன் பண்ணினார். ம்ம்ம்ம்ம்... என்று ஒரு இரைச்சல். கிட்டாரே செருகவில்லை, சும்மாவே இரைகிறது.

ஆரம்பித்தது ஆராய்ச்சி. கேபிளை மாற்றினார். ட்யூப்லைட்டை அணைத்தார். ஃபேனை அணைத்து எங்களை வேர்க்கவிட்டார். ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று அதையும் அணைத்தார் — கரிமீன் கெட்டது, இரைச்சல் கெடவில்லை. ஹாலிலிருந்து பெட்ரூம், பெட்ரூமிலிருந்து சமையலறை என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எங்கள் வீடு பழைய வாடகை வீடு. எந்த பிளக் பாயின்ட்டில் செருகினாலும் அதே ம்ம்ம்.

கடைசியில் துபாய் சுரேஷுக்கே வாட்ஸ்அப்பில் கேட்டார். பதில் உடனே வந்தது. "அண்ணா, மூணு பின்னுல பெரிய பின்னை ஒடிச்சுக் களைஞ்சுடுங்க. ஸ்டேஜ்ல பாதிப் பேரு அப்படித்தான்."

பெரிய பின் என்றால் எர்த். கணேசன் ஹாக்ஸா பிளேடை எடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. செருகினார். கப்சிப்!

"பாத்தியா? ரிப்பேர் ஓவர்!" என்றார்.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டில் ரிப்பேர் என்றாலே அதுதான். எது சத்தம் போடுகிறதோ அதை வாயை மூட வைத்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்கூட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. என்னுடைய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார். வீட்டில் அதிகமாகச் சத்தம் போடும் இன்னொரு பொருள் நான். நான் ஆரம்பித்தால் டிவி வால்யூமை ஏற்றிவிடுவார்.

அடுத்த நாள் வாசித்துக்கொண்டிருந்தவர் 'ஸ்ஸ்' என்று கையை உதறினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கம்பியில லேசா ஒரு கூச்சம்."

கூச்சமா? வேண்டாம், யாரிடமாவது காட்டுவோம் என்றேன். "நீ சும்மா பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கூச்சம் இல்லை. அதோடு அந்தப் பிரச்னையும் தீர்ந்தது! அன்றிலிருந்து வீட்டுக்குள் செருப்போடுதான் பயிற்சி. அவர் வாசிக்கும் நேரமெல்லாம் நான் மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே காய் நறுக்கினேன். சரி, செருப்புத்தான் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மறுநாள் நிகழ்ச்சி. பிரசாதப் பாத்திரத்தோடு நான் கொஞ்சம் பின்தங்கி வந்தேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிரும்போது பார்க்கிறேன்... பக்கத்தில் அவருடைய நீல ரப்பர் செருப்பு.

ஐயோ!

கோயிலுக்குள் யார் செருப்போடு நிற்பார்கள்? பிறந்ததிலிருந்து வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அது யோசித்துச் செய்கிற காரியமா என்ன? காலே செய்துவிடும். இத்தனை நாள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. அபிஷேகம் முடிந்து அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேடை என்று பெயரே தவிர, அதுவும் ஈர சிமென்ட் திண்டுதான். மனிதர் வெறுங்காலோடு நின்று, ஸ்டாண்டில் இருந்த கிட்டாரை எடுக்கக் கையை நீட்டுகிறார்.

பாத்திரம் எங்கே விழுந்தது என்று தெரியாது. அப்போது போட்டதுதான் அந்தக் கூச்சல்.

அவர் திட்டியும் நான் நகரவில்லை. கிட்டாருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். மைக் செட் ஷாஜி சிரித்துக்கொண்டே வந்தார். "சேச்சி சும்மா வெறுதே பேடிக்கிறாங்க. இப்ப நான் காட்டித் தர்றேன், ஒண்ணுமே இருக்காது" என்று பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்து கிட்டார் கம்பியில் வைத்தார்.

பளிச்சென்று எரிந்தது.

ஷாஜியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அதைத் திருப்பிப் பார்த்தார். "கணேசேட்டா, எர்த் எவிடே? எங்க போச்சு?"

கணேசேட்டன் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை மகிஷாசுரமர்த்தினி மாதிரி நின்றவள், அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஷாஜி புது பிளக் மாட்டி மறுபடி செருகிப் பார்த்தார். டப்! கோயில் முழுக்க இருட்டு. கரண்ட் கசிந்தால் தானாகவே விழுகிற டிரிப் சுவிட்ச் அங்கே இருக்கிறது. எங்கள் வாடகை வீட்டில் அது இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை தோப்பும்படியில் ஷாஜி கடையில் பெட்டியைத் திறந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கி நிற்குமாம்! இதை அவர் சாயா குடித்தபடி சாதாரணமாகச் சொல்கிறார். நான் கணேசனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அவரும் விடச் சொல்லவில்லை. தங்கிய கரண்ட்டை வடித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார் ஷாஜி. கரண்ட் நுழைகிற இடத்துக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் பழைய கண்டென்சர் ஒன்று. வயிறு உப்பி வெடித்திருந்தது. அது வழியாகத்தான் கரண்ட் தகட்டுக்கு வந்து, அங்கிருந்து கேபிள் வழியாக கிட்டார் கம்பி வரைக்கும் போயிருக்கிறது.

"எர்த் இருந்த வரைக்கும் அது மண்ணுக்குப் போச்சு. அதான் இரைஞ்சது. நீங்க அது போற வழிய அடைச்சிட்டீங்க" என்றார்.

அதாவது, அந்தப் பெட்டி 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதன் நாக்கை அறுத்துவிட்டு நலமாகிவிட்டது என்று கைதட்டியிருக்கிறோம். எத்தனை வீடுகளில் எத்தனை பேரை இப்படி நடத்துகிறோமோ...

கண்டென்சர் மாற்றினார்கள். சரியான பிளக். டெஸ்டர் எரியவில்லை. இன்னொரு தடவை என்றேன். எரியவில்லை. டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால்? ஷாஜி பெருமூச்சு விட்டுவிட்டு சுவரில் இருந்த பாயின்ட்டில் வைத்துக் காட்டினார். எரிந்தது. கம்பியில் வைத்தார். எரியவில்லை. சரி என்றேன்.

சாயங்காலம் கச்சேரி. கணேசன் வெறுங்காலோடு மேடையேறினார். நான் முதல் வரிசையில், டிரிப் சுவிட்ச் பக்கமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு... ஜனங்கள் தாளம் போட்டார்கள். ஏதோ ஒரு இடத்தில் அவர் தனியாக வாசித்தபோது விசில்கூட அடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த விரல்களைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"உயிரோட இருந்தீங்க. வேற ஒண்ணும் என் காதுல விழல."

இத்தனை வருடம் கழித்து மேடையேறிய கலைஞருக்கு இதைவிட நல்ல விமர்சனம் எவள் எழுதுவாள், சொல்லுங்கள்?