மூடிக்குள் இருந்த பேரிங்

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊர்க் குளம் நிரம்பிய அன்று, கரையில் நின்றபடியே முடிவு செய்தேன்: தண்ணீர் வற்றுவதற்குள் இதில் ஒரு மோட்டார் படகு ஓட்டிவிட வேண்டும்.

ஒரு சின்னப் படகும், பழைய மின்சார ஸ்கூட்டர் மோட்டாரும், சின்ன கியர்பாக்ஸும் கையில் இருந்தன. புரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது அதன் தண்டு முன்னால் வந்து கியர்பாக்ஸை முட்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் தனி பேரிங்கைத் திண்டுக்கல் முழுக்க அலைந்து வாங்கி, கியர்பாக்ஸோடு சேர்த்து, லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் கொடுத்தேன். பள்ளியிலிருந்தே கூட்டாளி. கியர்பாக்ஸுக்குள் மாட்டித் தந்தவன், "மூடியத் தொறந்துராத அப்பு, தூசி போயிரும்" என்றான்.

நம்பினேன். நடுக்குளத்தில் கியர்பாக்ஸ் கடகடவென்று அரைத்து நின்றது. கரையில் ஒருவர், "ஏலே, நீச்சலாவது தெரியுமா?" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். கையாலேயே துழாவிக் கரை சேர்ந்தேன்.

மூடியைத் திறந்தால், கிரீஸுக்குள் ஒரு பழைய பம்ப்செட் பேரிங்; சுற்றும், முன்னால் தள்ளும் அழுத்தத்தைத் தாங்காது. பட்டறைக்குப் போய்க் கேட்டால், என்னுடையதை மிளகாய் அரைக்கும் மில் ஒன்றுக்கு மாட்டிவிட்டிருக்கிறான்.

"மில்லுக்காரரு அவசரம்னு வந்து நின்னாருடா. பேரிங்னா பேரிங்தான, சுத்துனாப் போதாதா?"

போதாது என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவன் எதற்கு மூடியைத் திறக்காதே என்கிறான்? கியரின் பல் உடைந்ததைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

குளத்தில் தண்ணீர் இரண்டு படி இறங்கிவிட்டது. வேறு கியரும் பேரிங்கும் வாங்கிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும், அழுத்தம் கியருக்குப் போகாதபடி பேரிங்கைப் படகின் சட்டத்திலேயே போல்ட் போட்டு இறுக்கி, தண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங் வைத்து, நானே மாட்டிப் பார்க்கப் போகிறேன்.