மீன்காரி ஐவரின் குடித்த நித்தியகல்யாணி

ஓல்ட் ஹார்பர் கடற்கரையில் மீன் பொரித்து விற்கும் ஐவரினைப் போல வாயாடி எங்கள் ஊரில் இன்னொருத்தி இல்லை. விலையைக் குறைத்துக் கேட்டவர்களை அவள் வறுக்கிற வறுவலுக்குச் சட்டியில் கிடக்கும் மீனே பரவாயில்லை. அப்படிப்பட்டவள் அந்த வருஷம் பயத்தில் சுருண்டு போனாள்.

கழுத்தில் புற்றுக்கட்டி வந்து, கிங்ஸ்டன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கட்டி கரைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அடுப்பிலிருந்து தணல் ஒன்று அவள் பாதத்தில் விழுந்தது. அவள் பாட்டுக்கு மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தோல் பொசுங்கும் வாடை வந்து, பக்கத்தில் நின்ற நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

அவள் அண்ணனுக்கு இப்படித்தான் கால் மரத்துப்போய், சர்க்கரை வியாதி என்று முழங்காலோடு எடுத்தார்கள். தனக்கும் அதுதான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். சொன்னால் வெட்டிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் வாயே திறக்கவில்லை. சர்க்கரைக்கு எங்கள் ஊரார் செய்வதைத்தான் செய்தாள். வேலியோரத்து நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தாள். மரமரப்பு கணுக்காலுக்கு ஏற ஏற, இலையையும் கூட்டினாள்.

சட்டைப் பித்தான் போட விரலும் வணங்காமல் போனபோது, திட்டிக்கொண்டே அவளை எங்கள் ஊர் கிளினிக் நர்ஸ் பின்னாக்கிடம் இழுத்துப் போனேன். இலை விஷயத்தையும் நானே போட்டு உடைத்தேன். நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மிஸ் ஐவி, உங்க ஊசி மருந்தே அந்தச் செடியிலேருந்துதான் வருது. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத குழாய்ங்க இருக்கு. குட்டிக்குட்டி உருண்டைங்க ஒண்ணுசேந்து குழாயாகும், பிரியும், மறுபடி சேரும். செல்லு ரெண்டாப் பிரியறப்ப இழுத்துப் பங்கு வைக்கறது அந்தக் குழாய்ங்கதான். ஊசி அதுங்களைச் சேரவிடாது. அதனாலதான் கட்டி வளரல."

"அப்போ என் காலு?"

"நரம்புக்குள்ள அதே குழாய்தான் தண்டவாளம். முதுகுலேருந்து கால்விரல் வரைக்கும் சரக்கு அதுமேலதான் போகணும். ஊசி அதையும் குலைச்சிடும், நீளமான நரம்புதான் முதல்ல பட்டினி கிடக்கும். இது சர்க்கரை இல்ல. இலை எவ்வளவு கெடுத்துச்சுன்னு தெரியல. இனி தொடாதீங்க."

கிங்ஸ்டன் டாக்டர் ஊசியைக் கொஞ்ச காலம் நிறுத்தினார். கால் தேறலாம், கட்டியும் திரும்பலாம் என்றார். அதன்பிறகு ஐவரின் காலையில் எழுந்ததும் ஒரு கையால் கால்விரலைக் கிள்ளுவாள், மறு கையால் கழுத்தைத் தடவுவாள். கிள்ளினால் வலிக்காது. மீன் சட்டி துருப்பிடித்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் நொண்டிக்கொண்டே என் வாசலுக்கு வந்தாள். பாதத்தில் மீன்முள் குத்தி ரத்தம்.

"வலிக்குதுடி," என்றாள். கண்ணீர் வழிந்தது. "உயிர் போற மாதிரி வலிக்குது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"நீ பாரு. எனக்கு இன்னிக்குத் தொடவே பயமா இருக்கு."

தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை என்றேன். அவள் கையை விடவில்லை, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள்.