எண்ணெய் குடித்த பிரேக் பேட்

புத்தூர் சைக்கிள் கடையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கம்பெனிச் சீருடை, முழங்கையில் புதுக் கட்டு. பேசும்போதெல்லாம் அந்தக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டிஸ்க் பிரேக்கைக் கழற்றிய மெக்கானிக் முகம் சுளித்தார். "பேட் பூரா எண்ண குட்ச்சிருக்குது. எவன்மா ஊத்தனது?"

"எங்க வூட்டுக்காரர்தான். கீச்சுனு கத்துதுன்னு தேங்காண்ண வுட்டாரு. பள்ளத்துல எறங்கசொல்ல பிரேக் புடிக்கல. அடிபட்டு வூட்டுக்குப் போனா, 'உனுக்கு ஓட்டத் தெரியல'ன்னு சிரிச்சிக்கினு சொல்றாரு."

மெக்கானிக் டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்துப் புது பேட் மாட்டினார். பழையதை எறியப் போனவரை அந்தப் பெண் தடுத்தார்.

"அத்த இப்டி குடுங்க. அவர் சைக்கிளுக்கும் இதே பேட்தான்."

"ஐயோ, பிரேக் புடிக்காதும்மா!"

"அவருக்குத்தான் ஓட்டத் தெரியுமே."

இன்றும் புத்தூரில் முழங்கையில் கட்டோடு எந்த ஆண் எதிரே வந்தாலும், நின்று ஆவலாகப் பார்க்கிறேன்.