சுத்தமான கைக்கு என்ன சம்பளம்

என் வீட்டுக்காரரின் கைகளைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கல்யாணமாகி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பினாங்குக்குக் குடிவந்த புதிதிலேயே வெட்கப்பட ஆரம்பித்துவிட்டேன்.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் கையில் ஒட்டுவதெல்லாம் சாக்பீஸ் மாவுதான், தட்டினால் போய்விடும். இவரோ மோட்டார் கார் பட்டறையில் பிட்டர். என்ஜினைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்து மறுபடி பூட்டுகிற வேலை. கிரீஸும் கறுத்த எண்ணெயும் நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். சவுக்காரம் போட்டால் மேலே உள்ளது போகும், உள்ளே உள்ளது போகவே போகாது. மற்றபடி மனுஷன் தங்கம். குடி கிடையாது, கை ஓங்குகிற பழக்கம் கிடையாது, எதைச் சொன்னாலும் ஒரு கேலி. "இந்தக் கையாலதானே தாலி கட்டுனேன், அப்போ நீ ஒண்ணும் சொல்லலையே" என்பார். அப்போது நான் தலையைக் குனிந்திருந்தேன், கையை எங்கே பார்த்தேன் என்று திருப்பிக் கொடுப்பேன்.

வீட்டுக்குள் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மாதா கோவிலில்தான் சிரிப்பு வரவில்லை. பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற நற்கருணை அப்பத்தை வாங்க, பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் வரிசையாக முழங்காலிடுவோம். கிராதியின் மேல் நீளமாக ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். அதை இரண்டு கையாலும் தூக்கித் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும், நற்கருணை தவறி விழுந்தால் தரையில் படக்கூடாதே, அதற்காக. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அந்தத் துணியைத் துவைத்துப் பெட்டி போட்டு வைப்பது ஒரு கிராணியின் மனைவி. கிராணி என்றால் ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர், எங்கள் கூட்டத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. ஒரு நாள் பூசை முடிந்து வாசலில் எல்லாரும் நிற்கும்போது அந்த அம்மாள் பொதுவாகப் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஆம்பளைங்க பக்கம் யாரோ கரிச்சட்டிய தூக்கிட்டு நேரா நன்மை வாங்க வர்றாங்க போல. எவ்ளோ அடிச்சுத் துவைச்சாலும் விரல் கறை போகவே மாட்டேங்குதுலா."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததே எல்லாருக்கும் தெரியும் என்பதற்கு அடையாளம். எனக்குக் காது மடல் எரிந்தது. அந்த அம்மாளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், வாய் இருக்கிறவள்தானே நான். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வாரத்திலிருந்து கோவிலுக்குப் போகும்போது அவருக்குப் பத்தடி பின்னால் நடக்க ஆரம்பித்தேன். செருப்பு கடிக்கிறது என்று சாக்கு சொன்னேன். அவர் அடிக்கடி நின்று நின்று போனார்.

சம்பள விஷயத்தில் மட்டும் எனக்கு ரோஷத்துக்குக் குறைவில்லை. அவர் பட்டறை வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. ஆனால் யாருக்கு என்ன சம்பளம் என்பது மண்டோர் வாயில் இருந்தது. மண்டோர் என்றால் வேலையாட்களுக்குத் தலைவர், வயதான சீனர். அவர் நல்லவர்தான், ஆனாலும் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்கிற சீன பிட்டருக்குக் கூடுதல், இவருக்குக் குறைச்சல். "கேளுங்க, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க" என்று நான் தினமும் பிடுங்குவேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சேதி வந்தது. சிங்கப்பூரிலிருந்து புது துரை ஒருவர் வரப்போகிறார். ஒவ்வொரு ஆளும் என்ன வேலை செய்கிறான் என்று பார்த்து, முதல் கிளாஸ் பிட்டர், இரண்டாம் கிளாஸ் பிட்டர், அதற்குக் கீழே மோட்டார் கழுவுகிறவன், கூட்டுகிறவன் என்று பிரித்து எழுதப் போகிறார். ஒரே கிளாஸ் என்றால் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் ஒரே சம்பளம். மண்டோர் மனசு வைத்தால்தான் உண்டு என்ற பேச்சே இனி இல்லை.

அதைச் சொன்ன அன்று அவர் கேலி பேசவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "முதல் கிளாஸ் பிட்டர்னு எழுதிடுவாங்க பாரு. அப்புறம் யாரும் அத மாத்த முடியாது" என்றார். அவர் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான். காசுக்கு ஆசைப்பட்டது நான், அவர் அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டார்.

துரை வருவது சீனப் புத்தாண்டு லீவு முடிந்த மறுநாள். லீவில் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். ஊரெங்கும் பட்டாசுச் சத்தம், இவர் வீட்டில் சும்மா இருந்தார். எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்? பெரிய இடத்து மனுஷர் முன்னால் போய் நிற்கிறவர் இந்தக் கையோடா நிற்பது என்று பிடித்து உட்கார வைத்துவிட்டேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மறுபடி தேய்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டி, ஊசியை வைத்து உள்ளே இருந்ததைக் கிளறி எடுத்தேன்.

"ஐயோ, தோலை உரிக்கிறியே! துரை ஆட்டுக்கறியா வாங்க வர்றாரு?"

"பேசாம இருங்க. நாளைக்கும் அங்க போயி வாயத் திறந்துடாதீங்க. உங்க கடைத்தெரு மலாயும் நீங்களும்! தலையக் குனிஞ்சு மரியாதையா நில்லுங்க, அது போதும்."

லீவு முடிவதற்குள் அந்தக் கைகள் என் அப்பாவின் கைகளைப் போல ஆகிவிட்டன. காய்ப்பைக்கூட சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்திருந்தேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டு அனுப்பினேன். தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் நடக்க எனக்கு ஆசையாக இருந்தது.

சாயங்காலம் வந்தார். கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. வெளியே நல்ல வெயில்.

"என்னங்க ஆச்சு?"

"துரைக்கு என் கை ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "இப்படிச் சுத்தமான கைய அவரு பார்த்ததே இல்லையாம். மோட்டார் கழுவறதுக்குப் போட்டுட்டாரு."

நான் சிரித்தேன். மாதாவே, அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் கூடச் சேர்ந்து சிரிக்காமல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

நடந்தது இதுதான். துரைக்கு அன்று மாலையே கப்பல். லீவுக்கு ஈப்போ போயிருந்த மண்டோர் இன்னும் திரும்பவில்லை, ஆளைக் காட்டிச் சொல்ல யாரும் இல்லை. அதனால் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார். கறுப்பும் காய்ப்பும் உள்ள கைக்காரனெல்லாம் பிட்டர், சுத்தமான கைக்காரன் கழுவுகிறவன். துரை சிங்கப்பூரிலிருந்து கூட்டிவந்த கிராணி ஒவ்வொருவரையும் ஏதோ கேட்டு எழுதியிருக்கிறார், இவர் தலையைக் குனிந்தே நின்றிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் ஏன் பேசவில்லை என்று நான் கத்தினேன். "அவனவனுக்கு அவனவன் கை" என்றார்.

"நீங்க சொல்றதுக்கென்ன? நீங்க வாயத் திறக்கறதுக்கென்ன?"

அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். 'நீதானே திறக்காதே என்றாய்' என்று அவர் சொல்லவே இல்லை, அன்றும் சொல்லவில்லை, சாகும் வரைக்கும் சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லிக் காட்டியிருந்தால் நான் சண்டை போட்டு அழுது தீர்த்திருப்பேன்.

சம்பளம் பாதியாகக் குறைந்தது. அதைச் சமாளித்தோம், அதை விடுங்கள். மண்டோர் திரும்பி வந்தும் ஒன்றும் மாறவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே பட்டறைக்குப் போய்விட்டேன். பெண்பிள்ளை வந்து நிற்கிற இடமா அது? வாசலிலேயே ஒரு வக்கீலின் மோட்டார் நின்றது. இவர் குத்துக்காலிட்டு அதன் சக்கரத்துச் சேற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மண்டோர் கூப்பிட்டார். இவர் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். ஏதோ ஒரு என்ஜினில் கொஞ்ச நேரம் கையை விட்டார், அது உறுமி நின்றது. திரும்பி வந்து மறுபடி வாளியை எடுத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இது எந்த ஊரு நியாயம்? பிட்டர் வேலை வேணும்னா பிட்டர் சம்பளம் குடு! கழுவுற சம்பளம்னா கழுவ மட்டும் கூப்பிடு!" என்று எனக்குத் தெரிந்த மலாயும் தமிழுமாக மண்டோரைப் பார்த்துக் கூவினேன். வேலையாட்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை.

"எழுதியாச்சு தங்காச்சி, நான் மாத்த முடியாதுலா" என்றார் உடைந்த தமிழில். "அடுத்த வருசம் துரை வரும். நான் பேசுறேன்." பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்தவர் போல, "கையை ஏன் அப்படிக் கழுவினான்?" என்று கேட்டார்.

நான் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வாளியிலிருந்து தலையைத் தூக்காமலே, "வீட்டுக்குப் போ" என்றார். வீடு வரைக்கும் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

அந்த வருஷம் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறி அவர் கைகள் வெளுத்தன. விரல் நுனி சுருங்கி, ரேகையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் கேட்டு அழுத கை எனக்கு அப்படியே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிராதித் துணியை அவர் தூக்கிப் பிடித்தால் விரலுக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது. கிராணி மனைவி ஒரு நாள் என் தோளைத் தொட்டுச் சிரித்தாள்.

"இப்பதான் உங்க வீட்டுக்காரரு கை பார்க்க லட்சணமா இருக்குலா. ஆபீஸ்ல ஏதும் வேலை கிடைச்சிருச்சா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பொய் சொன்ன வாயோடு நன்மை வாங்கக் கூடாதே, அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை.

அடுத்த சீனப் புத்தாண்டு வந்தது, துரை வருகிற நாளும் வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம்தான் எனக்குப் பகீர் என்றது. ஒரு வருஷம் கழுவின கையைத்தானே இந்தத் தடவையும் நீட்டுவார்! ஓடிப்போய்ச் சோற்றுப்பானையின் அடிக்கரியைச் சுரண்டினேன், விளக்கெண்ணெயில் குழைத்தேன், அவரை உட்கார வைத்து நகக்கண்ணிலும் ரேகையிலும் அழுத்தித் தேய்த்தேன். போன வருஷம் உட்கார்ந்த அதே இடம். அவர் பேசாமல் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊறிப்போன தோலில் கரி பிடிக்கவில்லை. தேய்த்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போனது. நான் அழுதுகொண்டே தேய்த்தேன்.

"போதும் விடு" என்றார். "நாளைக்கு நான் வாயைத் திறக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச மலாய்ல சொல்றேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

வாயைத் திறந்திருக்கிறார். மண்டோரும் கூட நின்று பேசியிருக்கிறார். ஒரு வருஷம் வாளி தூக்கினவனை எடுத்ததும் முதல் கிளாஸில் போட முடியாது என்று துரை இரண்டாம் கிளாஸ் பிட்டர் என்று எழுதிவிட்டுப் போனார். கடைசி வரை அவர் இரண்டாம் கிளாஸ்தான். பக்கத்துச் சீன பிட்டர் முதல் கிளாஸ். எல்லாருக்கும் ஒரே நியாயம் என்றார்களே, அந்த நியாயப்படி அது சரிதான். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

மறுபடி பட்டறைக்குள் போனதும் கறுப்பு மெல்ல மெல்ல ஏறியது. ஒரு நாள் அவர் சோறு பிசையும்போது நகக்கண்ணில் அதைப் பார்த்தேன், சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஒட்டி நடந்து கோவிலுக்குப் போனேன். "செருப்பு கடிக்கலையா?" என்றார். கிராதியில் நானும் போய் முழங்காலிட்டேன். சாமியார் கடந்து போனதும் என் வீட்டுக்காரர் துணியை விட்டுவிட்டு எழுந்தார். வெள்ளைத் துணியில் அவர் விரல் பட்ட இடம் கறுப்பாக, தெளிவாகத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கிராணி மனைவி பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன்.